முதல் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம், சிஸ்டர்?

நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்து, தேர்வு முடிவும் வந்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவும் செய்தாகிவிட்டது. அடுத்து, ஒரே வகுப்பில் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கிளம்புகிறது: "எவ்வளவு கேக்கலாம்டீ?" ஒருத்தி பன்னிரண்டாயிரம் என்கிறாள். இன்னொருத்திக்கு அவளுடைய அக்கா இருபத்தைந்தாயிரத்துக்குக் குறைந்து போகாதே என்று சொல்லியிருக்கிறாள். அந்த அக்கா வேலை பார்ப்பது ரியாத்தில். வீட்டில் அப்பா கல்விக்கடன் தவணைக்கு வங்கியிலிருந்து வந்த கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு எதுவும் கேட்காமல் இருக்கிறார்.

இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல ஆள் குறைவு. கல்லூரி சேர்க்கையின்போது வெளிநாட்டுச் சம்பளத்தைச் சொல்கிறது. மருத்துவமனை "ஃப்ரெஷர்தானே" என்று ஆரம்பிக்கிறது. நடுவில் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கும் பையனுக்கும் உண்மை நிலவரம் தெரிந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை நிலவரம் இதுதான். தாலுகா ஊர்களின் சின்ன நர்சிங் ஹோம்களில் புதிதாகச் சேர்பவருக்குப் பத்தாயிரத்தைச் சுற்றித்தான் பேச்சு தொடங்கும், சில இடங்களில் அதற்கும் கீழே. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் 15 முதல் 20 ஆயிரம் வரை. அதற்கு மேல் தொடக்கத்திலேயே தருகிற இடங்கள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி வீட்டுக் கணக்குப் போட முடியாது. நான்கு வருடப் படிப்புக்கு, இரவு முழுக்க ஆறேழு உயிர்களைக் கண்காணிக்கும் வேலைக்கு இது மிகக் குறைவு. குறைவு என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே கவனித்து ஒரு குழு போடச் சொல்லும் அளவுக்குக் குறைவு.

அந்தக் கதையை முதலில் பார்த்துவிடலாம். தனியார் மருத்துவமனைகளில் நர்ஸ்கள் சுரண்டப்படுகிறார்கள் என்று இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த பொதுநல வழக்கில், 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஓர் உத்தரவிட்டது. நிபுணர் குழு அமைத்து, சம்பளத்தையும் பணிச் சூழலையும் ஆராய்ந்து, பரிந்துரை பெற்று, அதன்மேல் சட்டம் கொண்டுவர நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராக இருந்த டாக்டர் ஜகதீஷ் பிரசாத் தலைமையில் குழு அமைந்தது. படுக்கைகளின் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்து அது சொன்ன கணக்கு தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, அதே நிலையிலுள்ள மாநில அரசு நர்ஸுக்குச் சமமாகச் சம்பளம் தர வேண்டும். 100 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் கீழே உள்ள சின்ன மருத்துவமனையானாலும் 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது.

இருபதாயிரம் என்பது அன்றைக்குச் சொன்ன அடிமட்டத் தொகை. பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்று கடைசித் தட்டுக்குச் சொன்னதையே இன்று சென்னையின் நல்ல மருத்துவமனைகள் புதியவருக்கு உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. மருத்துவமனைகள் மாநில அதிகாரத்துக்குள் வருபவை என்பதால் மத்திய அரசு இந்தப் பரிந்துரைகளை மாநிலங்களுக்கு வழிகாட்டுதலாக அனுப்பியது. வழிகாட்டுதலைச் சட்டமாக்குவது மாநிலத்தின் விருப்பமாகிப் போனது.

பக்கத்து மாநிலம் அதை விருப்பத்துக்கு விடவில்லை. கேரளத்தில் 2011-ல் திருச்சூரில் தொடங்கிய ஐக்கிய நர்ஸ்கள் சங்கம் அடுத்தடுத்து வேலைநிறுத்தங்களை நடத்தியது. 2017 ஜூலையில், குறைந்தபட்சச் சம்பளம் 20 ஆயிரம் என்பதை முதலமைச்சர் பினராயி விஜயன் முன்னிலையில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது அரசாணையாக வராமல் இழுத்தது. சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் கிளம்புவோம் என்று நர்ஸ்கள் அறிவித்த பிறகு, பயணத்துக்கு முந்தைய நாளான 2018 ஏப்ரல் 23 அன்று அரசாணை வந்தது. அடிப்படைச் சம்பளம் 20 ஆயிரம், அதற்கு மேல் மருத்துவமனையின் அளவுக்கேற்பப் படிகள். எல்லாத் தனியார் மருத்துவமனையும் அதை ஒழுங்காகத் தருகிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கோட்டயத்தில் வேலைக்குப் போகும் ஒரு பெண் "அரசாணைப்படி இவ்வளவு" என்று ஒரு தொகையைச் சொல்லிப் பேச முடிகிறது. நாகர்கோவிலில் பேச உட்காரும் பெண்ணிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை.

தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு குறைவு? படித்து வருபவர்கள் அதிகம், கல்லூரிகள் அதிகம் என்பது ஒரு காரணம், அதைப் பலரும் சொல்வார்கள். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புதிய நர்ஸுக்குத் தரும் சம்பளத்தில் ஒரு பகுதியை மருத்துவமனை ரூபாயாகத் தருவதில்லை, அனுபவமாகத் தருகிறது. வளைகுடா வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். ஜி.என்.எம். டிப்ளமோ படித்தவர் எய்ம்ஸ் தேர்வு எழுதக்கூட, 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். இது மருத்துவமனைகளுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பெண் இரண்டு வருடம் எப்படியும் எங்காவது வேலை பார்த்தே ஆக வேண்டும், அதன்பின் எப்படியும் போய்விடுவாள், அவள் போனதும் வாசலில் அடுத்த வருடத்துப் பெண் நிற்பாள். அப்படியிருக்க ஏன் கூட்டித் தர வேண்டும்?

இது நியாயமில்லை. ஆனால் இந்த இரண்டு வருடத்தைப் பற்றி முடிவெடுக்கிறவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். சம்பளத்தின் ஒரு பாதி அனுபவமாகத்தான் வருகிறது என்றால், அந்தப் பாதி ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து வாங்குவது ரூபாயைப் பார்த்து வாங்குவதைவிட முக்கியம். பதினெட்டாயிரம் தந்துவிட்டு, பிறகு எங்கும் செல்லாத ஓர் அனுபவச் சான்றிதழைத் தரும் இடம், பதினைந்தாயிரம் தரும் நல்ல இடத்தைவிட மோசமானது.

முதலில் ரூபாய்க் கணக்கு. ஒரு மருத்துவமனை மாதம் 15 ஆயிரம் என்று சொல்கிறது. முழுத் தொகைக்கும் பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் போகும். இ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவீதம், 113 ரூபாய். கையில் வருவது 13,087. விடுதியும் மெஸ்ஸும் மருத்துவமனையே தருகிறது என்றால் அதற்கும் ஒரு பிடித்தம் இருக்கும். அது எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. சில இடங்களில் சீருடைக்குக்கூட முதல் மாதத்தில் பிடிப்பார்கள்.

இன்னொரு குழப்பம் 'சிடிசி' என்ற சொல்லில் வருகிறது. மருத்துவமனைக்கு ஒரு ஊழியரால் ஆகும் மொத்தச் செலவு அது. மேலே சொன்ன அதே 15 ஆயிரத்துக்கு, நிர்வாகம் தன் பங்காக பி.எஃப். 1,800, அதன் காப்பீடும் நிர்வாகக் கட்டணமுமாக 150, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் என்று 488 ரூபாய் கட்டுகிறது. கூட்டினால் 17,438. நேர்முகத்தில் "பதினேழாயிரத்து ஐந்நூறு கிட்ட வரும்மா" என்று சொன்னதும், கைக்கு வந்த பதின்மூன்றாயிரமும் ஒரே சம்பளம்தான். இரண்டுக்கும் இடையே நாலாயிரத்துக்கு மேல் இருக்கிறது. முதல் மாதச் சம்பளம் வந்த அன்று இரவு ஹாஸ்டல் அறையில் அழும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு கேள்வியை முன்பே கேட்டிருந்தால் அந்த அழுகையாவது இல்லாமல் போயிருக்கும்: "சார், எல்லாப் பிடித்தமும் போக மாசம் கையில எவ்வளவு வரும்?"

பிடித்தம் என்றதும் பயப்படவும் தேவையில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இல்லாமல் "முழுசா கையில தந்துடறோம்" என்று ஒரு மருத்துவமனை சொன்னால் அது சலுகையில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பி.எஃப்., 10 பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம். மாதச் சம்பளம் 21 ஆயிரம் வரை இருப்பவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருகிறார்கள், எனவே ஏறக்குறைய எல்லாப் புதிய நர்ஸும் வருவார். 113 ரூபாய்க்குக் கிடைப்பது சின்ன விஷயமில்லை. அப்பா அம்மா அவரைச் சார்ந்திருந்தால் அவர்களுக்கும் மருத்துவம் உண்டு. கல்யாணம், குழந்தை என்று வரும்போது, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. இருபத்திரண்டு வயதில் இது தூரத்தில் தெரியும். இருபத்தைந்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

சில நிர்வாகங்கள் அடிப்படைச் சம்பளத்தை ஏழாயிரம் என்று குறைத்துக் காட்டி, மீதியைப் 'படிகள்' என்று பிரித்து எழுதி, பி.எஃப். பங்கைப் பாதியாக்கிவிடும். எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி தரும் படிகளும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. புதியவர் முதல் நாளே இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை, ஆனால் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். போனஸும் அப்படித்தான். லாபநோக்கில் நடக்கும் மருத்துவமனையில் ஆண்டுக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் சட்டப்படி உண்டு. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு முடித்துவிடும் இடங்களில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சம்பளத்தை மாதத்தால் அளப்பதோடு நிறுத்தாமல் மணியாலும் அளந்து பார்க்க வேண்டும். கையில் 13,087. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம், மணிக்கு 63 ரூபாய் வருகிறது. ஆனால் பல தனியார் மருத்துவமனைகளில் நைட் டியூட்டி 12 மணி நேரம், சில இடங்களில் பகலும் அப்படியே. 12 மணி நேரக் கணக்கில் அது 42 ரூபாய்க்கு இறங்கிவிடும். பதினைந்தாயிரமும் 8 மணி நேரமும் தரும் இடமா, பதினேழாயிரமும் 12 மணி நேரமும் தரும் இடமா என்று தடுமாறும்போது இந்த வகுத்தல் கணக்கு தானே பதில் சொல்லிவிடும். ஒரு நைட்டுக்கு ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதையும் கேட்கலாம். பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், பயிற்சி மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. இருபது படுக்கையை ஒரே பெண்ணிடம் விட்டுவிட்டுப் போகும் வார்டில், பதிவு எண் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஒருவர் செய்யும் சின்னப் பிழைக்குக்கூட அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, அரசு வேலை? எல்லா வீட்டிலும் அப்பாவின் கண் அங்கேதான். தமிழ்நாட்டில் நர்ஸ் பணியிடங்களை நிரப்புவது 2012-ல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எல்லோரும் எம்.ஆர்.பி. என்று சொல்வது. இங்கே பலருக்கும் தெரியாமல் போகும் விஷயம், தேர்வில் பாஸானதும் காலமுறைச் சம்பளம் வந்துவிடாது என்பது. 2015-ல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தபோது அவர்களுக்குத் தந்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பிச் சேர்ந்தார்கள். ஆகவில்லை. 2017 நவம்பர் கடைசியில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். சிலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். இரவிலும் அங்கேயே இருந்தார்கள். உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது. போராட்டம் முடிந்தாலும் அந்தப் படங்கள் மாநிலத்தின் மனசாட்சியைத் தொட்டிருக்க வேண்டும். தொகுப்பூதியம் பிறகு 14 ஆயிரமானது, அப்புறம் 18 ஆயிரமானது.

கொரோனா காலத்தில் இன்னொரு அத்தியாயம். 2020-ல் நோய்த்தொற்றின் உச்சத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸ்களை 14 ஆயிரம் சம்பளத்துக்குத் தற்காலிகமாக எடுத்தார்கள். பாதுகாப்பு உடைக்குள் வேர்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போக முடியாமல் வேலை பார்த்தவர்கள் அவர்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணி முடித்துவைக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மாவட்ட அளவில் 18 ஆயிரம் ரூபாய்க்கு மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது. கைதட்டியும் விளக்கேற்றியும் நன்றி சொன்ன ஒரு சமூகம், சம்பளக் கணக்கு என்று வரும்போது அந்த நன்றியை மறந்தது வேதனையானது.

ஆக, மாநில அரசு வேலையை நம்பும் புதியவர் மனதில் வைக்க வேண்டிய தொகை 18 ஆயிரம். நிரந்தரமாகும் நாள் முன்னுரிமையையும் காலியிடத்தையும் பொறுத்தது. நிரந்தரமான பிறகு சம்பளம் பல மடங்கு ஏறும் என்பதும் உண்மை, அதனால்தான் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் கல்விக்கடன் தவணை அவர்களோடு சேர்ந்து காத்திருக்காது.

மத்திய அரசுப் பணியில் கதை வேறு. நம் பிள்ளைகளில் போதுமான பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எய்ம்ஸ், இ.எஸ்.ஐ. கழகம், ரயில்வே மருத்துவமனை என எங்கே சேர்ந்தாலும் நர்ஸிங் அலுவலருக்கு ஏழாவது ஊதியக் குழுவில் நிலை 7, தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதம் ஆனபோது, அடிப்படையும் அகவிலைப்படியும் மட்டுமே 67,350 ஆனது. அதன்மேல் நர்ஸிங் படி 9,000, ஊருக்கேற்ற வீட்டு வாடகைப் படி, சீருடைப் படி, போக்குவரத்துப் படி. நடுத்தர நகரம் ஒன்றில்கூட மொத்தம் 85 ஆயிரத்தைத் தாண்டும். இதே படிப்பு, இதே பதிவு, இதே வயது. ஒருத்திக்குக் கையில் பதின்மூன்றாயிரம், இன்னொருத்திக்கு அதைப்போல ஆறு மடங்கு. இந்த இடைவெளியை நியாயப்படுத்த எந்தக் காரணமும் போதாது.

எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான பொதுத்தேர்வுக்கு நார்செட் என்று பெயர், இரண்டு கட்டமாக நடக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பதிவு செய்தவருக்கு அனுபவம் தேவையில்லை. இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. அதனால் ஆண்களுக்குப் போட்டி இன்னும் கடுமை. ராஜஸ்தானிலும் கேரளத்திலும் இதற்கென்றே உட்கார்ந்து படிக்கிறார்கள். இந்தி தெரியாதே, வடக்கே போக வேண்டுமே என்ற தயக்கம் நம் ஊரில் இருக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில் எழுதலாம். வார்டில் பேசும் அளவுக்கு இந்தியை ஆறு மாதத்தில் பழகிவிடலாம், துபாய் போனவர்கள் எல்லோரும் அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டார்கள். முதல் வேலையில் சேர்ந்த பிறகும், நைட் முடிந்து தூங்கி எழுந்து தினம் இரண்டு மணி நேரம் இதற்குப் படிக்க முடிகிற இடமாகப் பார்த்துச் சேர்வது, ஆயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்தைவிட மதிப்புள்ளது.

இப்போது அனுபவமாக வரும் அந்த மறுபாதிக்கு வருவோம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

வளைகுடா நாடுகளில் நர்ஸாக உரிமம் வாங்க, துபாயோ சவுதியோ கத்தாரோ, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் செய்கிறது. அவர்கள் கல்லூரிக்கும், பதிவுக் குழுமத்துக்கும், வேலை பார்த்த மருத்துவமனைக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள்: இந்தப் பெயருடையவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை உங்களிடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தாரா? மருத்துவமனை பதில் போடாவிட்டால், அல்லது தேதி ஒத்துப்போகாவிட்டால், இரண்டு வருட உழைப்பு காகிதத்தில் இல்லாமல் போய்விடும். பணம் கொடுத்து வாங்கிய போலி அனுபவச் சான்றிதழ் பிடிபட்டால் அந்த நாட்டின் கதவே மூடிக்கொள்ளும். அதனால் சேரும்போதே, அங்கு வேலை பார்த்து வெளிநாடு போன சீனியர் யாரையாவது தேடிப் பிடித்து, "அக்கா, வெரிஃபிகேஷன் மெயில் வந்தா இவங்க பதில் போடுவாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். நேர்முகத்தில் கிடைக்காத உண்மை அந்த அக்காவிடம் கிடைக்கும்.

பி.எஃப். இங்கே இன்னொரு வகையில் உதவுகிறது. ஒவ்வொரு மாதமும் எந்த நிறுவனம் எவ்வளவு கட்டியது என்பது பாஸ்புக்கில் பதிவாகிறது. மருத்துவமனை மூடிப் போனாலும், முதலாளி மனம் மாறினாலும், அந்தப் பதிவு அழியாது. நியமனக் கடிதம், மாதாமாதம் சம்பளச் சீட்டு, வங்கியில் வரவு வைக்கும் சம்பளம், பி.எஃப். பதிவு இவை நான்கும் இருந்தால் அனுபவத்தை யாரும் மறுக்க முடியாது. கையில் கவர் போட்டுத் தரும் சம்பளத்துக்கு இவற்றில் ஒன்றும் இருக்காது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன, எனவே அதைக் கேட்க யாரும் கூச வேண்டாம்.

எந்த வார்டு என்பதும் சம்பளத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டியதே. தீவிர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், பச்சிளங்குழந்தைப் பிரிவு, அவசரச் சிகிச்சை ஆகியவற்றில் இரண்டு வருடம் இருந்தவருக்கு வெளியே வேலை தேடுவது எளிது. அதே மருத்துவமனையில் புற நோயாளிப் பிரிவில் டோக்கன் கூப்பிட்டே இரண்டு வருடம் கழித்தவர் அடுத்த நேர்முகத்தில் வென்டிலேட்டர் பற்றிய முதல் கேள்வியிலேயே திணறுவார். ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் ஐ.சி.யூ. தருகிற இடத்தை எடுக்கலாம். ஆனால் "ஐ.சி.யூ. தர்றோம்" என்று வாயால் சொல்வது போதாது, முதல் ஆறு மாதச் சுழற்சி எப்படி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால்? சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தருவது முறை. பீரோவில் பூட்டி வைத்துக்கொள்வது முறையில்லை. இரண்டு வருட பாண்டில் கையெழுத்துக் கேட்டால், எவ்வளவு தொகை, எந்தச் சூழ்நிலையில் கட்ட வேண்டும் என்று வரிவரியாகப் படித்து ஒரு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். சான்றிதழும் அவர்களிடம், பாண்டும் அவர்களிடம் என்றால், நடுவில் நார்செட்டில் தேறினால்கூட வெளியே வரமுடியாமல் தவிக்க நேரிடும்.

வெளிநாட்டுச் சம்பளத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கல்லூரி விளம்பரங்களின் பெரிய எண்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் புதிய நர்ஸ் பேண்ட் 5-ல் சேர்கிறார். 2025-26-ல் அதன் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் போக மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 2,000 பவுண்டு. ரூபாயில் இரண்டு லட்சம் என்று கேட்டதும் மனம் துள்ளும். லண்டனுக்கு வெளியே ஓர் அறைக்கு மட்டும் 500, 600 பவுண்டு வாடகை போகும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைக்கும் இரவுக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கு 60 சதவீதம் கூடுதல் உண்டு. வாரத்துக்கு 37.5 மணி நேரம்தான் வேலை. இங்கிருந்து போகிறவர் திறன் தேர்வில் தேறும்வரை பொதுவாக பேண்ட் 4-ல் இருப்பார். அதற்கு முன் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7, எழுத்தில் மட்டும் 6.5, அல்லது ஓ.இ.டி. தேர்வு. கொரோனாவுக்குப் பிந்தைய இரண்டு மூன்று வருடங்களில் அள்ளி அள்ளி எடுத்தார்கள். 2024-க்குப் பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது. அக்கா போன வேகத்தில் தங்கையும் போய்விடலாம் என்று இப்போது திட்டம் போட முடியாது.

ஜெர்மனிக்குக் கதவு இன்னும் நன்றாகவே திறந்திருக்கிறது. கேரள அரசின் நோர்கா அமைப்பு மூலம் நடக்கும் 'டிரிப்பிள் வின்' திட்டத்தில், ஜெர்மன் மொழி கற்றுப் போகிறவருக்குப் படிப்பு அங்கீகாரம் ஆகும்வரை மாதம் 2,300 யூரோ, அங்கீகாரம் கிடைத்த பின் 2,800 யூரோ என்று அறிவித்தார்கள். அது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. 2,800-ல் தனி ஆளுக்குக் கையில் நிற்பது 1,900-ஐ ஒட்டி இருக்கும். பி1, பி2 நிலை ஜெர்மனை எட்ட ஒரு வருடமாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். ஹாஸ்டல் அறையில் நைட் டியூட்டிக்கு நடுவே அதையும் படிக்கிற பெண்கள் இன்று சென்னையிலேயே இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடத் தோன்றும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. 2015-ல் குவைத் வேலைக்கு, சட்டப்படி 19,500 ரூபாய் வாங்க வேண்டிய ஒரு கொச்சி முகமை, ஆளுக்கு 19 லட்சத்துக்கு மேல் வாங்கிய விவகாரம் சி.பி.ஐ. வழக்கானது. அதன் பிறகுதான் சவுதி, குவைத் உள்ளிட்ட நாடுகளுக்கு நர்ஸ்கள் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே போக வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதற்கென இருப்பது 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இப்போது பதிவு பெற்ற முகவர் ஒருவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. லட்சத்தில் பேசுகிறவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரரே கூட்டிக்கொண்டு வந்திருந்தாலும், எழுந்து வந்துவிட வேண்டும்.

நேர்முக அறைக்குள் போகும் புதியவர் சம்பளத்தைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார். "நீங்க பாத்துக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அப்படிச் சொன்னவருக்கு யாரும் பார்த்துக் கொடுத்ததில்லை. மரியாதையாக, நிதானமாகக் கேட்கலாம்: "மேடம், ஆறு மாசம் புரொபேஷன் முடிஞ்சதும் எவ்வளவு கூட்டுவீங்க? அது ஆர்டர்ல எழுதியிருக்குமா?" ஆயிரம் ரூபாயானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். நைட் படி உண்டா, வார விடுப்பு போனால் மாற்று விடுப்பு உண்டா, ஹாஸ்டல் பிடித்தம் எவ்வளவு, இவற்றைக் கேட்டதற்காக ஒரு மருத்துவமனை வேலை தர மறுத்தால், அது உள்ளே போன பிறகு எப்படி நடத்தும் என்பதை முன்பே சொல்லிவிட்டது.

சென்னையில் ஹாஸ்டலோ வேறு தங்கும் இடமோ மருத்துவமனையே தந்தால் கையில் 14 ஆயிரம் வருவதை முதல் ஆறு மாதத்துக்கு ஏற்றுக்கொள்ளலாம். தங்கும் இடம் இல்லாமல், பெருநகரில், 16 ஆயிரத்துக்குக் கீழே கைக்கு வந்தால் வீட்டிலிருந்து பணம் வாங்கித்தான் வாழ வேண்டியிருக்கும். சொந்த ஊரில் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றால் 12 ஆயிரம்கூட ஓடும், ஆனால் அந்த மருத்துவமனையில் 50 படுக்கையாவது இருக்கிறதா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் முடியும்போது இரண்டாயிரம்கூட ஏற்றாத இடத்தில் அடுத்த வருடத்தைக் கழிக்கத் தேவையில்லை. பக்கத்து மருத்துவமனை ஒரு வருட அனுபவமுள்ள ஐ.சி.யூ. நர்ஸைத் தேடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, ரிலீவிங் லெட்டரும் தேதி சரியாகப் போட்ட அனுபவச் சான்றிதழும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பி.எஃப். எண் அதே எண்தான், புது இடத்தில் அதையே கொடுத்தால் பழைய கணக்கின் மேலேயே ஏறும்.